ரஞ்சிதம் பேர் சொல்லாத இடம்

“எந்த இடத்துலம்மா வலி?”

திருத்தணி பஜாரை ஒட்டிய ஒரு சின்ன கிளினிக்கில் டாக்டர் இப்படிக் கேட்டபோது, ரஞ்சிதம் பதில் சொல்லாமல் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள். இஞ்ச் டேப்பை எடுத்துப் பெண்களின் மார்பைச் சுற்றி அளவெடுப்பதுதான் அவள் பிழைப்பு. அப்படிப்பட்டவளால் தன் உடம்பில் அந்த இடத்தின் பேரை ஏன் சொல்ல முடியவில்லை? அப்போது யாராவது என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது.

டாக்டர் மறுபடியும் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியே டோக்கன் வாங்கிக்கொண்டு ஜனங்கள் முண்டிக்கொண்டு நின்றார்கள். மருந்து எடுத்துக் கொடுக்கும் ஆள் வேறு பக்கத்திலேயே நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ரஞ்சிதம் வாயில் வந்த ஒரே வார்த்தையைச் சொன்னாள்.

“செஸ்ட்டுலங்க.”

அது அவள் தொழில் வார்த்தை. தையல்காரர்கள் “செஸ்ட்டு முப்பத்தாறு, இடுப்பு முப்பத்திரண்டு” என்று கடைவாசல்வரை கேட்கும்படி சொல்வார்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்த வார்த்தையில் வெட்கமே கிடையாது. அதனால்தான் ரஞ்சிதம் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் தையல் கடையில் செஸ்ட் என்றால் ஒன்று, ஆஸ்பத்திரியில் செஸ்ட் என்றால் இதயமும் நுரையீரலும். டாக்டர் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். பெண் நர்ஸ்தான் எடுத்தாள். “எடுக்கும்போது அவளே பார்த்துவிடுவாள், நான் வாயைத் திறக்க வேண்டாம்” என்று ரஞ்சிதம் முருகனை வேண்டிக்கொண்டு படுத்திருந்தாள். மார்பில் ஒட்டிய ஒயரெல்லாம் பெரும்பாலும் இடப்பக்கமே போயின. கட்டி இருந்தது வலப்பக்கம், அதுவும் உள்பாடிக்குள். நர்ஸ் புடவையைச் சரியாக மூடிவிட்டு, “எந்திரிங்கக்கா” என்றாள்.

அப்புறம் எக்ஸ்ரே. அதற்கு அப்புறம் ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, காலையில் பல் தேய்க்காமல் சளியைக் காறித் துப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். ரஞ்சிதத்துக்கு இருமலே இல்லை. கொல்லையில் நின்று தொண்டை எரியும் வரைக்கும் காறி எதையோ துப்பி மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு அது எவ்வளவோ தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. எல்லா ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்தது. “வாயுவா இருக்கும்மா” என்றார் டாக்டர். மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள். பொங்கலுக்கு முன்னால் ஆரம்பித்தது இந்தக் கதை. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு ஜனம் திரண்டுவந்த சமயத்திலும் அவள் வாயு மாத்திரைதான் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் கந்தன், ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிற குடும்பம் அவனுடையது. தறிச் சத்தம் ஒத்துக்கொள்ளாமல் வண்டிக்கு வந்தவன். ஒருநாள் துணி உலர்த்தும்போது அவள் ரவிக்கையில் ஒரு கறையைப் பார்த்துவிட்டான்.

“இன்னாடி இது?”

“டீ கொட்டிக்கினேன்.”

கந்தன் ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தான். “டீ உள்ள இருந்தா வரும்?”

ரஞ்சிதம் அழுதாள். அப்போதும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ரவிக்கை கொக்கியை அவிழ்த்துக் காட்டினாள். மறுநாள் காலை ரயிலுக்கே அவளை மெட்ராஸுக்கு அழைத்துக்கொண்டு போனான்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் நிர்மலா என்ற டாக்டர். அவர் சத்தம் போடவில்லை. “இவ்ளோ பெரிசாகுற வரைக்கும் எங்கம்மா இருந்தே?” என்று மட்டும் கேட்டார். முதலில் கீமோ மருந்து ஏற்றினார்கள். அப்புறம் வலது மார்பை முழுதாக எடுத்தார்கள். அதற்கப்புறம் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுக்கு ஜனங்கள் சொல்கிற பேர் அது. உயிர் தப்பியது.

மருந்தில் முடி முழுக்கக் கொட்டிப் போயிற்று. வேறு ஊராக இருந்தால் நாலு பேர் ஏன் என்று கேட்டிருப்பார்கள். திருத்தணியில் மொட்டைத் தலையை யார் ஏனென்று கேட்பார்கள்? பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் நின்றால் மூன்று பேர் மொட்டையோடு சந்தனம் பூசிக்கொண்டு நிற்பார்கள். “வேண்டுதலாக்கா?” என்று கேட்டவர்களிடம் ரஞ்சிதம் “ஆங்” என்று தலையை ஆட்டினாள். முருகன் பேரைச் சொல்லிப் பொய் சொல்கிறோமே என்று உள்ளுக்குள் குன்றிப் போனாள். ஆனாலும் ஆட்டினாள்.

ஆபரேஷனுக்கு என்ன சொல்வது? அதற்குக் கந்தன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ விசாரித்தபோது, “கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கப்பா” என்று சொல்லிவிட்டான். அது எல்லா வீட்டிலும் நடக்கிற ஆபரேஷன். யாரும் மேற்கொண்டு தோண்ட மாட்டார்கள். சொந்த அக்கா பத்மாவுக்கும் அதையே சொன்னான்.

பத்மா பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓடுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தறி ஓடும்போது பேசிப் பேசி அந்த வீட்டுக்காரர்களுக்கு மெல்லப் பேசவே வராது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் குரல் தெருவுக்குக் கேட்கும். கேள்விப்பட்டதும் நாட்டுக்கோழிச் சாறு வைத்துத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“கர்ப்பப்பை எடுத்த உடம்புடி ரஞ்சிதம்! குடம் கிடம் தூக்கின, இடுப்ப ஒடச்சுப் போடுவேன். இன்னா, கேக்குதா?”

“கேக்குது அண்ணி.”

“பக்கத்து வூட்டுக்காரிக்கும் கேட்டிருக்கும். இந்தா குடி.”

ரஞ்சிதம் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, இல்லாத நோவுக்கு வைத்த சாற்றைக் குடித்தாள். பத்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வருகிறவள்போல வாயைத் திறந்து மூடினாள். “எடுக்கறப்போ ரொம்ப வலிச்சுதா?” என்று அவளுக்கே பழக்கமில்லாத தணிந்த குரலில் கேட்டாள். ரஞ்சிதம் “இல்ல அண்ணி” என்று பேச்சை முடித்துவிட்டாள். தன் பொய்யைக் காப்பாற்றுகிற அவசரத்தில், எதிரில் இருந்தவள் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை.

கொஞ்சம் தேறியதும் கடையைத் திறந்தாள். ரவிக்கை தைக்கிறவள் ஒரு பக்கம் தட்டையாக நின்றால் ஜனங்கள் கண் எங்கே போகும்? உள்பாடிக்குள் வைத்துக்கொள்ள அவளே ஒரு பஞ்சுறை தைத்துக்கொண்டாள். முதலில் எடை வேண்டுமே என்று உள்ளே கேழ்வரகு போட்டுப் பார்த்தாள். வெயில் காலத்து வியர்வையில் அது நாற்றமெடுத்து, ஒருநாள் பிரித்துப் பார்த்தால் முளைவிட்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, குமட்டலும் வந்தது. அப்புறம் பத்மா வீட்டிலிருந்து மிஷின் துடைக்க என்று கேட்டு வாங்கிய கழிவு நூலை அடைத்துத் தைத்தாள். மேலே நல்ல சிவப்பு லைனிங் துணி. அது லேசாக இருந்ததால் அடிக்கடி மேலே ஏறிக்கொள்ளும். கையைத் தூக்கினால் நகரும். ரஞ்சிதம் கை தூக்குவதையே குறைத்துக்கொண்டாள்.

துர்கா என்ற கல்யாணப் பெண் முகூர்த்த ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்த அன்றுதான் அது நடந்தது. ரவிக்கையின் அடிப்பக்கம் குண்டூசி குத்துவதற்காக ரஞ்சிதம் நன்றாகக் குனிந்தாள். பஞ்சுறை மேலே ஏறி, ரவிக்கைக் கழுத்து வழியாக நழுவித் தரையில் விழுந்தது. இருவர் காலுக்கும் நடுவில், சிவப்பாக, உருண்டையாக.

ரஞ்சிதம் கை நீட்டுவதற்குள் துர்கா குனிந்து அதை எடுத்தாள்.

“அக்கா, உங்க ஊசி மெத்தை விழுந்துடுச்சு பாருங்க. ஐய, எவ்ளோ மெத்து மெத்துனு தெச்சிருக்கீங்க!”

சொல்லிக்கொண்டே, ரஞ்சிதம் பிடித்துக்கொள்ளக் கொடுத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக அதில் குத்தினாள். ஒவ்வொரு ஊசிக்கும் ரஞ்சிதத்துக்கு, இல்லாமல் போன இடத்தில் சுருக் சுருக்கென்றது. பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் பிடுங்கினால் ஏன் என்று கேட்பாளே. புடவைத் தலைப்பை வலது பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஆங்... அங்க மேஜை மேல வைம்மா.”

“எனக்கு ஒண்ணு இதே மாதிரி தெச்சுத் தாங்கக்கா. என் ஃப்ரெண்டு டெய்லரிங் கிளாஸ் போறா, அவளுக்குக் குடுக்கறேன்.”

“தெச்சுத் தரேன்.”

அந்த வாரமே தைத்துக் கொடுத்தும்விட்டாள். அதே அளவு, அதே லைனிங் துணி. கல்யாணப் பெண் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனாள். ரஞ்சிதம் கடையை அடைத்துவிட்டு ஊசி குத்திய பஞ்சுறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் மார்பில் ஒருத்தி ஊசி குத்த, தானே இடம் காட்டிக் கொடுத்ததுபோல இருந்தது அவளுக்கு.

அடுத்த முறை செக்கப்புக்குப் போனபோது டாக்டர் நிர்மலா அவளையும் கந்தனையும் தனி அறைக்கு அழைத்தார். “ரெண்டு வருஷமா ஒரு தொந்தரவும் இல்ல. விருப்பமிருந்தா மார்பைத் திரும்ப அமைச்சுக்கலாம். இதுக்கு இப்ப நிறைய புதுப் பொருள் வந்திருக்கு. பாக்கறீங்களா?” என்றார். செலவு ஆஸ்பத்திரியைச் சேர்ந்தது என்றும் சொன்னார். ஒரு தட்டில் சில பொருட்கள் இருந்தன. கந்தன் தட்டைப் பார்த்ததும் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.

“இது சிலிக்கான் பை. எடுத்துப் பாருங்க.”

ரஞ்சிதம் இரண்டு கையாலும் வாங்கினாள். முதலில் சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் கைச்சூடு ஏறிக்கொண்டது. கனமாக இருந்தது, பஞ்சுறைபோல இல்லை.

“உள்ள தண்ணீங்களா?”

“இல்ல, கெட்டிப் பாகு மாதிரி ஒண்ணு. முன்னாடி வந்ததெல்லாம் கிழிஞ்சா ஒழுகும்னு பயம். இது அவ்ளோ லேசுல ஒழுகாது. ஆனா வெறும் பைய மட்டும் வெச்சா கீழ இறங்கிடும். அதனால அடியில ஒரு வலை வெச்சுத் தாங்கிப் பிடிப்போம். நீங்க ரவிக்கைக்கு லைனிங் குடுக்கறீங்கல்ல, அந்த மாதிரி.”

வெள்ளையாக, நனைந்த துணிபோல ஒரு துண்டைக் காட்டினார். “இது மாட்டுத் தோல்லேர்ந்து எடுக்கறது. எல்லாத்தையும் கழுவி நீக்கிட்டு, வெறும் நார் மட்டும் இருக்கும். அதுமேல உங்க சதை படரும்.”

ஜன்னலோரத்திலிருந்து கந்தன் திரும்பினான். “மாட்டுத் தோலாங்க? ஏங்க, காவடி எடுத்துகினு மலையேறுற ஜனங்க நாங்க. செருப்பு தெய்க்கிற தோல உள்ள வெச்சுகினு எப்படிங்க சாமி கும்புடறது?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது பிடிக்கலன்னா இது இருக்கு” என்று கொசுவலைபோல மெல்லியதாக ஒன்றைக் காட்டினார். “நூல்ல பின்னினது. உடம்பு இத கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுடும். அதுக்குள்ள உங்க சதையே பிடிப்பு குடுத்துடும்.”

கடைசியாகத் தேன்கூடு மாதிரி ஒரு வெள்ளைக் கூடு இருந்தது. கம்ப்யூட்டரில் அளவு கொடுத்து மிஷினில் அடுக்கடுக்காக அச்சிடுவது என்றார். அதற்குள் அவரவர் கொழுப்பை நிரப்புவார்களாம். வருஷம் போகப்போகக் கூடு கரைந்து சதை மட்டும் நிற்குமாம். “இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கு. வேற ஊருங்கள்ல சில பேருக்கு வெச்சுப் பாக்கறாங்க. இங்க கிடையாது. சும்மா காட்டறேன்” என்றார்.

அப்புறம் மறைக்காமல் மற்றதையும் சொன்னார். கரண்ட் வாங்கிய தோல் முரண்டு பிடிக்கும். அதனால் முதுகிலிருந்து கொஞ்சம் சதையும் தோலும் திருப்பிக் கொண்டுவந்துதான் பையை மூட வேண்டும். புண் ஆற நாளாகலாம். சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் பையைத் திரும்ப எடுக்கவும் நேரும். தொட்டால் பழைய உணர்ச்சி இருக்காது. “பொய் சொல்லி யாரையும் டேபிள்ல படுக்க வைக்க மாட்டேன்” என்றார். பிறகு ரஞ்சிதத்தை நேராகப் பார்த்தார்.

“உங்களுக்கு வேணுமா?”

ரஞ்சிதத்தின் கை அந்தப் பையை விடவே இல்லை. வேண்டும் என்று அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. அப்படிச் சொன்னதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. செத்துப் பிழைத்தவள், கல்யாண வயதில் வெளியூரில் வேலைக்கு இருக்கும் மகனை வைத்திருப்பவள், இதற்கு ஆசைப்படலாமா? கையிலிருந்ததைத் திருடியதுபோலச் சட்டென்று தட்டில் வைத்தாள்.

“வேணாங்க” என்றான் கந்தன். “உசுரோட இருக்கறதே போதும்.”

“நான் அவங்களத்தான் கேட்டேன்.”

“வூட்ல கலந்துகினு சொல்றேங்க” என்றாள் ரஞ்சிதம்.

“வீட்டுக்காரர் இங்கதானே நிக்கறாரு?”

ரஞ்சிதம் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திரும்பி வரும் ரயிலில் பெரம்பூர் தாண்டிய பிறகுதான் ரஞ்சிதம் கேட்டாள். “ஏங்க வேணாம்னு சொன்னீங்க? மாட்டுத் தோலுக்காகவா?”

“அதுக்கில்லடி.” கந்தன் குரலைத் தணித்துக்கொண்டான். “மறுபடியும் ஆஸ்பத்திரில படுத்தா அக்காகிட்ட இன்னான்னு சொல்றது? ஸ்டாண்டுல இன்னான்னு சொல்றது? கர்ப்பப்பை இன்னா ரெண்டு இருக்குதா, இன்னொரு தபா எடுக்கறதுக்கு?”

ரஞ்சிதம் சிரித்துவிட்டாள். எதிர் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும், தாங்கள் சொன்ன பொய்யே தங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. மார்பு வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்ல வாய் வராவிட்டால் பஞ்சுறைதான். அரக்கோணம் வரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள்.

பத்மா வந்தது அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. கிருத்திகை என்று மலைக்கு வந்தவள் கையோடு நாலு ரவிக்கைத் துணியும் கொண்டுவந்திருந்தாள். ரஞ்சிதம் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்ததும் பத்மா இரண்டடி பின்னால் போனாள்.

“அளவெல்லாம் வேணாம். பழைய ரவிக்கை கொண்டாந்திருக்கேன், அத வெச்சுத் தெய்யி.”

“அது நாலு வருஷத்து ரவிக்கை அண்ணி. இப்ப ஒடம்பு போட்டிருக்கீங்க.”

“போட்டா போட்டுட்டுப் போவுது. எனக்கு இன்னா, மாப்பிள்ளை பாக்கவா வராங்க? கொஞ்சம் லூசா தெச்சுடு. வலது பக்கம் இன்னும் கொஞ்சம் லூசா.”

ரஞ்சிதத்தின் கையில் டேப் அப்படியே நின்றது. ஒரு பக்கம் மட்டும் லூசாகத் தைக்கச் சொல்லி யாரும் ரவிக்கை கொடுப்பதில்லை. அவளே தனக்குத் தானே ஒரு பக்கம் லூசாகத் தைத்துக்கொண்டு வாயு மாத்திரை போட்ட காலம் ஒன்று இருந்தது.

“அண்ணி, வலது பக்கம் இன்னா?”

“ஒண்ணுமில்ல. நெஞ்சுல வாயு.”

“எத்தினி நாளா?”

“உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? துணிய புடி, நான் பஸ்ஸ விட்டுடுவேன்.” பத்மா அதட்டினாள். ஆனால் குரல் தெருவுக்குக் கேட்கவில்லை. பத்மாவின் குரல் தெருவுக்குக் கேட்கவில்லையென்றால் விஷயம் பெரியது.

ரஞ்சிதம் கடைக் கதவைச் சாத்தினாள். எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ரவிக்கை கொக்கியை அவிழ்த்துப் பஞ்சுறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பத்மாவின் கையைப் பிடித்துத் தழும்புமேல் வைத்தாள்.

“எனக்குக் கர்ப்பப்பை எடுக்கல அண்ணி. மாரைத்தான் எடுத்தாங்க. கேன்சரு.”

பத்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜைமேலிருந்த பஞ்சுறையைப் பார்த்தாள்.

“எங்க வூட்டு நூலா?”

“ஆங்.”

“மிஷினு தொடைக்கன்னு சொன்னியேடி.” அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. “நான் கோழி அடிச்சு, சாறு வெச்சு, பஸ்ல சிந்தாம மடியில வெச்சுகினு கொண்டாந்தேனே, அப்பக்கூட சொல்லலியே! உன் எதிர்லதானே உக்காந்திருந்தேன்? ரொம்ப வலிச்சுதான்னு கேட்டேனே? ஏன் கேட்டேன்னு தெரியுமா உனக்கு?”

“ஏன் அண்ணி?”

“அப்பவே எனக்கு இருந்தது. பட்டாணி அளவு. உங்கிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன். நீ கர்ப்பப்பைன்னுகினு படுத்திருக்க, உன்கிட்ட போயி இத எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிகினு போயிட்டேன். எங்க வூட்ல சொல்லணும்னா கத்திச் சொல்லணும். தறிக்காரப் பசங்க அத்தினி பேருக்கும் கேக்கும். எப்படிச் சொல்லுவேன்?”

ரஞ்சிதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிளினிக்கில் பட்ட வெட்கம், பஞ்சுறை விழுந்த அன்று பட்ட வெட்கம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதெல்லாம் அவளை மட்டும் தின்றது. இது இன்னொருத்தியைத் தின்றிருக்கிறது. அன்றைக்குச் சாறு குடித்துக்கொண்டே ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பத்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அழுதா மட்டும் கரைஞ்சுடுமா? எந்திரி” என்றாள் பத்மா. “எந்த ரயிலுக்குப் போவணும், அதச் சொல்லு.”

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி வரிசையில் நின்றவர்களிடம் “இன்னா தொந்தரவு?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பத்மாவின் முறை வந்தது.

“மார்லம்மா! மார்ல கட்டி! வலது மார்ல!”

தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல் அது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற கந்தன் தலையைக் குனிந்துகொண்டான். பத்மா அவன் பக்கம் திரும்பினாள்.

“இன்னாடா தலைய தொங்கப் போட்டுகினு நிக்கற? ஸ்டாண்டுல கர்ப்பப்பைன்னு கதை கட்டின வாய்தானே இது? இப்பப் பேசு.”

கந்தன் வெளியே போய் டீ வாங்கிக்கொண்டு வந்து இருவருக்கும் கொடுத்தான். அவன் கண் சிவந்திருந்தது.

எல்லாச் சோதனையும் முடிந்து டாக்டர் நிர்மலா சொன்னார். கேன்சர்தான். அக்குளைத் தாண்டி வேறெங்கும் பரவவில்லை. ஆனால் மார்பை முழுக்க எடுக்க வேண்டும். அக்குளில் இருக்கும் நெறிக்கட்டி முடிச்சுகளையும் எடுக்க வேண்டும்.

“மொதல்லயே வந்திருந்தா?” என்று கேட்டது ரஞ்சிதம்.

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். “கட்டிய மட்டும் எடுத்திருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான்.”

ரஞ்சிதம் பத்மாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. டாக்டர் பத்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எடுக்கிற அன்றே பையும் நூல்வலையும் வைத்துவிடலாம், தோலை அப்படியே விட்டுவைப்பதால் வேலை சுலபம், வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துச் சொன்னால் போதும் என்றார். பத்மா எதையோ கணக்குப் போடுகிறவள்போல விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“இவ வெச்சுக்கினா நானும் வெச்சுக்கறேன். இவ வேணாம்னா எனக்கும் வேணாம். நான் மட்டும் வெச்சுகினு திரிஞ்சா, கிழவிக்கு ஆசையப் பாருன்னு பேட்டை முழுக்கச் சிரிப்பானுங்க. ரெண்டு பேர்னா எவன் சிரிக்கறான்னு நான் பாக்கறேன்.”

டாக்டர் ரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினார். இந்த முறை எதையும் கேட்கவில்லை. காத்திருந்தார். கந்தன் வாயைத் திறந்தான், பத்மா அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“எனக்கு வேணுங்க” என்றாள் ரஞ்சிதம். சத்தம் வரவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னாள். “எனக்கு வேணும் டாக்டர். யாருக்கும் காட்டறதுக்கில்லைங்க. குனிஞ்சு அளவெடுக்கணும். பயப்படாம குனியணும். அதுக்கு மேல ஒண்ணு... எனக்கே ஆசையா இருக்குது.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகம் தரையைப் பார்த்தது. சொல்லிவிட்டாள்.

முதலில் பத்மாவுக்கு நடந்தது. அவளுக்கு மருந்தெல்லாம் ஏற்றி முடிந்த பிறகு ரஞ்சிதத்துக்கு. முதுகுத் தையல் ஆற டாக்டர் சொன்னதைவிட அதிக நாள் பிடித்தது. புது மார்பு இடது பக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்கிறது. தொட்டால் துணிக்கு வெளியே தொடுவதுபோலத்தான் இருக்கிறது. மிஷின் மிதிக்கும்போது முதுகுத் தழும்பு அரிக்கிறது. ஆனால் அவள் குனிகிறாள். கையைத் தூக்கி மேல் அலமாரியிலிருந்து துணி எடுக்கிறாள். ஸ்டாண்டில் கந்தன் என்ன ஆபரேஷன் என்று சரியாகவே சொல்லிவிட்டான். இரண்டு பேர் கேலி பேசினார்கள். மூன்றாவது ஆள் ஓரமாக அழைத்துப் போய், அந்த டாக்டர் எந்தக் கிழமையில் இருப்பார் என்று விசாரித்தான்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நிஜமில்லை. அக்குள் முடிச்சுகளை எடுத்ததால் பத்மாவின் வலது கை வீங்கிக்கொள்கிறது. தறியில் அறுந்த இழைக்கு முடிபோட முன்புபோல விரல் வளைவதில்லை. அவள் கடைக்குள் வரும்போதெல்லாம் ரஞ்சிதத்தின் கண் முதலில் அந்தக் கைக்குத்தான் போகிறது. போனதும் தலை தானாகக் குனிந்துகொள்கிறது. போன தையில் ஒருநாள் அவளால் அடக்க முடியவில்லை.

“என்ன மன்னிச்சுடுங்க அண்ணி. நான் அன்னிக்கே சொல்லியிருந்தா...”

“மன்னிக்கறது கெடக்கட்டும்” என்றாள் பத்மா, வீங்கிய கையை நீட்டிக்கொண்டே. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “வலது கைய மட்டும் ஒரு இஞ்சு லூசா தெய்யி. போன தபா தெச்சது புடிக்குது.”

ரஞ்சிதம் டேப்பை எடுத்து அந்தக் கையைச் சுற்றி அளவெடுத்தாள். அளவெடுத்து முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பேரை மாற்றாமல் இதைச் சொல்லச் சொன்னது ரஞ்சிதம்தான். படித்தவர்கள் இதை உங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ, உடம்பில் எதையோ மறைத்துக்கொண்டு நடமாடுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றுகிற ஒரு பெண் இருப்பாள். அவளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவள் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.